ஆட் 400, டிராப் 200: பீரங்கிப் படை அப்பாவிடம் கதை கேட்டது

அப்பாவுக்கு வலது காது சுத்தமாகக் கேட்காது. இடது காது பாதி கேட்கும். 25 பவுண்டர் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு அந்தக் காலத்தில் கிடைத்த பாதுகாப்பு பஞ்சும் சொந்த விரல்களும்தான். இதெல்லாம் தெரிந்தும், 2021இல், அவருடைய 79ஆவது வயதில், "உங்க பட்டாளத்துக் கதையை முழுசா சொல்லுங்கப்பா, பதிவு பண்ணப்போறேன்" என்று ஃபோனை நீட்டினேன். முதல் நாள் 40 நிமிடம் பதிவானது. அதில் 30 நிமிடம் நான் "கேட்குதாப்பா?" என்று கத்துவது. மிச்சம் மின்விசிறிச் சத்தம்.

1971 போருக்கு அது ஐம்பதாவது ஆண்டு. தொலைக்காட்சியில் தினமும் யாராவது ஒரு ஜெனரல் பேசிக்கொண்டிருந்தார். அப்பா சத்தத்தைக் குறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்ப்பார். "இவர் அங்கே இல்லை" என்று ஒரு வரி சொல்வார், அவ்வளவுதான். அங்கே யார் இருந்தார்கள் என்று கேட்டால் பதில் வராது. அதனால்தான் ஃபோனை எடுத்துக்கொண்டு போனேன். அடுத்த ஏழெட்டு மாதங்களில் நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். வீட்டில் வயதான பட்டாளத்துக்காரர் இருக்கிறவர்களுக்கு உதவலாம். எங்கள் வேலூர் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் என்று பட்டாளத்துக்குப் போன ஊர்களே உண்டு. அத்தனை வீட்டிலும் இந்தக் கதைகள் டிரங்குப் பெட்டியில்தான் கிடக்கின்றன.

முதலில் காது. குண்டுச் சத்தத்தில் போகிற காதுக்கு முதலில் தொலைவது கூர்மையான ஒலிகள் என்று காது டாக்டர் சொன்னார். ச, த, க எல்லாம் மங்கி, உயிரெழுத்தின் இழுப்பு மட்டும் மிஞ்சுமாம். பெண்கள் குரல் இன்னும் கஷ்டம். நான் கத்தக் கத்த என் குரல் மேலே ஏறியது, அவருக்கு இன்னும் கேட்காமல் போனது. ஆக, செய்யவேண்டியது நேர் எதிர். விசிறியை அணைத்தேன், அவருடைய இடப்பக்கம் உட்கார்ந்தேன், என் முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி ஜன்னலைப் பார்த்துத் திரும்பினேன். குரலைத் தாழ்த்தி மெதுவாகப் பேசினேன். முக்கியமான கேள்விகளை முந்தின இரவே ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்துவிடுவேன். அது அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. "ஆர்டர் எழுத்துல வந்தா நல்லது" என்றார். காலையில் காபி முடிந்து ஒரு மணி நேரம், அதற்கு மேல் இல்லை. மாலையில் கேட்டால் ஆள் களைத்து எல்லாவற்றுக்கும் "ஆமா" போட்டுவிடுவார்.

வாழ்க்கைக் குறிப்பு என்று பார்த்தால் சுருக்கமானது. பள்ளி ஆசிரியரின் மகன், பி.எஸ்ஸி. வேதியியல். 1962 சீனப் போருக்குப் பிறகு ராணுவத்துக்கு அதிகாரிகள் அவசரமாகத் தேவைப்பட்டார்கள். 'எமர்ஜென்சி கமிஷன்' என்று ஒன்றை அறிவித்து, கல்லூரி முடித்த பையன்களை வேகவேகமாக எடுத்தார்கள். சென்னை பரங்கிமலையில் அதற்காகவே 1963இல் ஆஃபீசர்ஸ் டிரெயினிங் ஸ்கூல் தொடங்கியது. இன்று ஓ.டி.ஏ. என்கிறோமே, அதேதான். 1964இல் அப்பா அங்கிருந்து செகண்ட் லெஃப்டினன்டாக வெளியே வந்தார். காலாட்படை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாராம், கிடைத்தது பீரங்கிப் படை. கம்பெனி காலத்தில் மதராஸ் பீரங்கிப் படைக்குத் தலைமையிடமாக இருந்ததே அந்தப் பரங்கிமலைதான் என்பது அவருக்கு அப்போது தெரியாது. பிறகு நாசிக் பக்கத்தில் தேவ்லாலி, ஸ்கூல் ஆஃப் ஆர்ட்டிலரி. 1965 போரில் பஞ்சாபில் ஒரு கன் பொசிஷனில் இருந்தார். காது போக ஆரம்பித்தது அங்கேதான். 1971இல் கேப்டன். 1994இல் லெஃப்டினன்ட் கர்னலாக ஓய்வு.

இவ்வளவுதான் காகிதத்தில் இருந்தது. பெரிய மனிதர்களுக்கே காகிதம் ஒரு பத்திதான் ஒதுக்குகிறது. பி.பி. குமாரமங்கலத்தை எடுத்துக்கொள்ளுங்கள், திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குமாரமங்கலம் குடும்பம், டாக்டர் சுப்பராயனின் மகன். 1933இல் பீரங்கிப் படை அதிகாரியாகி, இரண்டாம் உலகப்போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஒரு பேட்டரியை, அதாவது ஒரு பீரங்கிக் குழுவை, நடத்தி டி.எஸ்.ஓ. என்ற வீர விருது வாங்கினார். போர்க்கைதியாகி, இத்தாலியில் முகாமிலிருந்து தப்பி, மறுபடி பிடிபட்டு, ஜெர்மனிக்குக் கொண்டுபோகப்பட்டார். 1966 முதல் 1969 வரை நாட்டின் ராணுவத் தலைமைத் தளபதி. அப்பா இளம் அதிகாரியாக இருந்த காலத்தில் தலைமையில் இருந்தவர் ஒரு தமிழர், அதிலும் ஒரு கன்னர், அதாவது பீரங்கிப் படைக்காரர். இதைச் சொல்லும்போது மட்டும் அப்பாவின் முதுகு நிமிரும். அப்படிப்பட்டவருக்கே நாலு வரிதான் நம் ஊரில் தெரியும் என்றால், ஒரு சாதாரணக் கேப்டனுக்கு யார் எழுதப்போகிறார்கள்? நாம்தான்.

நான் செய்த பெரிய தவறு, பெரிய கேள்வி கேட்டது. "போர் எப்படிப்பா இருந்தது?" என்றேன். "போர் மாதிரி இருந்தது" என்றார். "பயமா இருந்ததா?" "வேலை இருந்தது." இரண்டு வாரம் இப்படியே ஓடியது. ஒருநாள் எரிச்சலில், "சரி, அந்தப் பீரங்கிக்குள்ள என்னதான் போடுவீங்க?" என்று கேட்டேன். அன்றைக்குத்தான் ஆள் திறந்தார்.

25 பவுண்டரில் குண்டும் வெடிமருந்தும் தனித்தனி. முதலில் குண்டு, ஏறத்தாழ 11 கிலோ. அதைத் தடியால் உள்ளே இடித்து நிறுத்தவேண்டும். பிறகு பித்தளைக் கூடு. கூட்டுக்குள்ளே மருந்து சின்னச் சின்னத் துணிப் பைகளில் இருக்கும், சிவப்பு, வெள்ளை, நீலம். மூன்றும் இருந்தால் சார்ஜ் மூன்று, நீலத்தை எடுத்துவிட்டால் இரண்டு, வெள்ளையையும் எடுத்தால் சிவப்பு மட்டும், சார்ஜ் ஒன்று. கிட்டத்து இலக்குக்கு மருந்து குறைவு, தூரத்துக்கு அதிகம். இன்னும் தூரம் போகவேண்டும் என்றால் 'சூப்பர்' என்று தனியாக ஒன்று, அதில் 13,400 கெஜம், கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர். அப்பா சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடியைக் கூடாக வைத்து, மூன்று மாத்திரைப் பட்டைகளை ஒவ்வொன்றாக உள்ளே போட்டு எடுத்துக் காட்டினார். கை நடுங்குகிற மனிதர். அன்றைக்கு நடுங்கவில்லை. "எடுத்த பையை எங்கப்பா போடுவீங்க?" என்றேன். அரை மணி நேரம் பேசினார். எடுத்த பைகளைப் பீரங்கிக்குப் பின்னால் தள்ளிக் குழியில் போட்டு எரிப்பது, மழையில் அவை நனைவது, குளிருக்குத் தீ மூட்டப் பையன்கள் ஒன்றிரண்டைச் சுட்டுவிடுவது, அதற்காக ஒருவனைத் திட்டிவிட்டு அதே தீயில் தானும் குளிர்காய்ந்தது.

கை தொட்ட பொருளைப் பற்றிக் கேளுங்கள். என்ன சாப்பிட்டார்கள், எங்கே படுத்தார்கள், பூட்ஸ் எப்போது கழற்றினார்கள். அப்பாவுக்கு 1971 என்றாலே ஷக்கர்பாரா. மாவும் சர்க்கரையும் சேர்த்துப் பொரித்த துண்டு. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மூன்று நாள் ஓட்டுவார்களாம். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு போனால், அதைத் தின்ற இடம், பக்கத்தில் இருந்த ஆள், அன்றைய குளிர் எல்லாம் பின்னாலேயே வரும்.

அடுத்து அவருடைய வேலை என்ன என்று எனக்கே புரியவேண்டியிருந்தது. பீரங்கி அதிகாரி என்றால் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று "ஃபயர்" சொல்பவர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 1971இல் அப்பா பீரங்கியையே பல நாள் பார்க்கவில்லை. அவர் எஃப்.ஓ.ஓ., அதாவது முன்னால் போய்ப் பார்த்துச் சொல்கிறவர். காலாட்படைக் கம்பெனியோடு நடந்துபோவார். கூட ஒரு வயர்லெஸ் ஆபரேட்டர், ஒரு உதவியாள், கையில் வரைபடம், காம்பஸ், பைனாகுலர். பீரங்கிகள் ஆறும் பல கிலோமீட்டர் பின்னால், இலக்கையே பார்க்காமல் நிற்கும். அவற்றுக்குக் கண் அப்பாதான்.

இலக்கு வரைபடத்தில் எங்கே என்று எண்ணில் சொல்வார். பின்னால் கணக்குப் போட்டு ஒரு பீரங்கி மட்டும் ஒரு குண்டு விடும். விட்டவுடன் வயர்லெஸ்ஸில் "ஷாட்" என்று வரும். அப்புறம் இருபது, முப்பது நொடி மௌனம். குண்டு காற்றில் இருக்கிறது. விழுந்தால், இலக்குக்கு முன்னாலா பின்னாலா என்று மட்டும் பார்ப்பார். முன்னால் விழுந்தால் "ஆட் 400", இன்னும் 400 தள்ளிப் போடு. அடுத்தது தாண்டிப் பின்னால் போய்விட்டதா, "டிராப் 200", 200 குறை. இப்போது இலக்கு இரண்டுக்கும் நடுவே சிக்கிவிட்டது. பாதியாக்கு, மறுபடி பாதியாக்கு. 100, 50. கடைசியில் ஆறு பீரங்கியும் சேர்ந்து சுடும். "முதல் குண்டே இலக்குல விழணும்னு நினைக்கிறவன் நல்ல கன்னர் இல்ல. தப்பு எந்தப் பக்கம்னு உடனே சொல்றவன்தான் கன்னர்" என்பார். காற்று, குளிர், குழாயின் தேய்மானம், மருந்தின் சூடு என்று எல்லாமே குண்டைக் கொஞ்சம் தள்ளும். தப்பாமல் சுட முடியாது. தப்பை நடுவில் வைத்து நெருக்கலாம்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது, அவருடைய நினைவையும் இப்படித்தான் பிடிக்கவேண்டும் என்று. "அது எந்தத் தேதிப்பா?" என்று நேராகக் கேட்டால் ஐம்பது வருடத்துக்குப் பிறகு யாருக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு எதையாவது சொல்லிவிடுவார்கள். அந்தத் தேதியை எழுதிவைத்தால் நாளைக்கு அதுவே உண்மையாகிவிடும். அதற்குப் பதிலாக "அதுக்கு முன்னா, பின்னா?" என்று கேட்கவேண்டும். தேதி மறந்தவர்களுக்கும் வரிசை மறப்பதில்லை.

வரிசையைத் தொங்கவிட ஆணிகள் வேண்டும். அவை வெளியே கிடைக்கும். அப்பா இருந்தது கிழக்கே, இன்றைய பங்களாதேஷில் இருக்கிற ஜெசூர் பக்கம். இது எப்படி உறுதியானது என்றால், முதலில் பதக்கம். 1971 போருக்கு எல்லாருக்கும் பொதுவாக சங்கிராம் பதக்கம் உண்டு. கிழக்கே இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார், மேற்கே இருந்தவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டார். அப்பாவின் பெட்டியில் பூர்வி ஸ்டார் இருந்தது. 1965க்கான சமர் சேவா ஸ்டாரும் இருந்தது. உங்கள் வீட்டுப் பதக்கங்களைத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டுவதற்கு முன் வட்டப் பதக்கங்களின் விளிம்பைப் பாருங்கள். எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். எமர்ஜென்சி கமிஷன்காரர்களின் எண் ஈ.சி. என்று தொடங்கும். நிரந்தரக் கமிஷன் கிடைத்தால் ஐ.சி. ஆகிவிடும். அப்பாவின் டிரங்குப் பெட்டி மூடியில் வெள்ளைப் பெயின்டில் ஈ.சி. எண்ணை அடித்து மேலே ஐ.சி. எண் எழுதியிருக்கிறது. அவருடைய வாழ்க்கையில் நடந்த பெரிய மாற்றம் அந்த ஒரு கோட்டில் இருக்கிறது. அவரோடு வந்த பலர் சில வருடத்திலேயே வெளியே அனுப்பப்பட்டார்கள். அவர் தங்கிவிட்டார்.

அடுத்து கடிதங்கள். அம்மா எழுதியவை. அப்பா ஒன்றையும் தூக்கிப் போடவில்லை. எல்லாம் அதே பெட்டியில், பூச்சி உருண்டை வாசனையோடு இருந்தன. முகவரியில் ஊர் இருக்காது. பெயர், யூனிட், கேர் ஆஃப் 99 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் நிலையம்), அவ்வளவுதான். 99 என்றால் கிழக்கு, 56 என்றால் வடக்கு, மேற்கு. அப்பா எழுதியவற்றிலும் ஊர் இல்லை, களத் தபால் நிலையத்தின் எண்ணும் தேதியும் போட்ட முத்திரை மட்டும். தபால்தலை சேகரிக்கிறவர்களில் சிலர் இந்த எண்களையே ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். அப்படி ஒருவர் எனக்கு உதவினார். ராணுவ ஆவணம் கேட்டு நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கு ஒரு அலுவலகத்திலிருந்து இன்றுவரை பதில் இல்லை. தபால்தலைக்காரர் அடுத்த நாளே பதில் போட்டார்.

அவர் சொல்லித்தான் இன்னொன்றையும் கவனித்தேன். அம்மாவின் சில உறைகளில் வழக்கமான தபால்தலையோடு ஒரு 5 பைசா தலை கூடுதலாக இருந்தது. கிழக்கு வங்கத்திலிருந்து சுமார் ஒரு கோடி அகதிகள் வந்திருந்த நேரம். அவர்களுக்காக 1971 நவம்பர் 15 முதல் தபாலுக்கு 5 பைசா அகதி நிவாரண வரி போட்டார்கள். அம்மா தேதி எழுதுகிற பழக்கம் இல்லாதவர். "செவ்வாய்க்கிழமை" என்று மட்டும் எழுதுவார். அந்த 5 பைசா தலை இருந்தால் நவம்பர் 15க்குப் பின், இல்லையென்றால் முன். ஆட் 400, டிராப் 200.

கடிதம் படிக்கும்போது ஒன்று. உறையைத் தூக்கிப் போடாதீர்கள். உள்ளே இருப்பதைவிட வெளியே இருப்பது அதிகம் சொல்லும். இன்லண்ட் கடிதத்தைப் பிரித்துப் படம் எடுக்கும்போது மடிப்பில் கிழியும். ஒரு தடவைதான் பிரிக்கவேண்டும், அப்போதே இரண்டு பக்கமும் எடுத்துவிடுங்கள். நான் ஒன்றைக் கிழித்தேன். எனக்குப் பல் முளைத்த செய்தி இருந்த கடிதம் அது. "பாப்பாவுக்குக் கீழ்ப்பல் ரெண்டு" என்பதற்கும் "தெரிகிறது" என்பதற்கும் நடுவே இப்போது செலோ டேப்.

இனி அந்த ஒரு விஷயம். எப்போது அதன் பக்கத்தில் போனாலும் அப்பா நிறுத்திவிடுவார். ஒரு மூடுபனிக் காலை. "அன்னிக்குக் கொஞ்சம் லேட் ஆயிடுச்சு" என்பார், அப்புறம் தண்ணீர் கேட்பார். மூன்று தடவை இப்படி ஆனது. நான் விட்டுவிட்டேன். நடந்ததைக் கேட்பதை விட்டுவிட்டு, தேதியை மட்டும் நெருக்கலாம் என்று தோன்றியது. அது அவருக்குப் பிடித்த வேலை, கணக்கு.

"ஜெசூர் விழுந்ததுக்கு முன்னா, பின்னா?" பின். ஜெசூரில் டிசம்பர் 7ஆம் தேதி நம் படை நுழைந்தது. பெரிய சண்டை நடக்கும் என்று எல்லாரும் எதிர்பார்த்த ஊர். எதிரிப் படை முந்தின நாளே குல்னா பக்கம் பின்வாங்கிவிட்டிருந்தது. "கதவு திறந்து கிடந்தது, குண்டுப் பெட்டியெல்லாம் அடுக்கினபடி அடுக்கினபடியே" என்றார். "டாக்கா சரணுக்கு?" முன். அது 16ஆம் தேதி. ஆனால் அப்பாவின் போர் அன்றைக்கு முடியவில்லை. குல்னாவில் சரணடைந்தது 17ஆம் தேதி. ஆக, 7க்கும் 16க்கும் நடுவே. பாதியாக்கினேன். "அம்மாவோட கார்த்திகை லெட்டர் கைக்கு வந்துடுச்சா அப்போ?" வரவில்லை, அன்று மாலைதான் வந்தது. அது நினைவிருக்கிறது. கார்த்திகை தீபம் முடிந்த கையோடு அம்மா எழுதியது, அகல் விளக்கு எத்தனை வைத்தேன் என்று. ஆனால் தபால் எத்தனை நாளில் போகும் என்பது போர்க்காலத்தில் யார் கையிலும் இல்லை.

அன்றைக்கு வேறு ஏதாவது பார்த்தீர்களா என்று கேட்டேன். "நிலா" என்றார். நாலு மணிக்குக் கிளம்பும்போது பனி இன்னும் இறங்கவில்லை. தலைக்கு மேலே சரியாகப் பாதி நிலா. கீழே பேரீச்ச மரங்கள் வரிசையாக. வங்காளத்தில் அவற்றில் பானை கட்டிச் சாறு இறக்கி வெல்லம் காய்ச்சுவார்கள், நம் ஊர்ப் பனை மாதிரி. பானைகள் நிலா வெளிச்சத்தில் மனிதத் தலை போலத் தெரிந்தனவாம். நான் பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். 1971 டிசம்பரில் பௌர்ணமி 2ஆம் தேதி, அமாவாசை 17. விடியற்காலையில் உச்சியில் அரை நிலா நிற்பது தேய்பிறை அஷ்டமி ஒட்டித்தான். 9 அல்லது 10.

"9, 10ன்னு வருதுப்பா" என்று தாளில் எழுதிக் காட்டினேன். அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். "பத்து" என்றார். அப்புறம், நான் கேட்காமலே, சொல்ல ஆரம்பித்தார்.

கம்பெனி வயல்வெளியில் போய்க்கொண்டிருந்தது. விடியும்போது பனி இறங்கியது. பத்தடி முன்னால் போகிறவன் தெரியவில்லை. எதிரே ஒரு மூங்கில் தோப்பிலிருந்து இயந்திரத் துப்பாக்கி ஆரம்பித்தது. எல்லாரும் வரப்பில் படுத்தார்கள். கம்பெனி கமாண்டர் அப்பாவைப் பார்த்து "அந்தத் தோப்பை அடி" என்றார். தோப்பு வரைபடத்தில் இருக்கிறது. அப்பாவிடம் எண்களும் தயார். ஆனால் முன்னால் போன பிளாட்டூன் எங்கே என்று தெரியவில்லை. அவர்களுடைய வயர்லெஸ் பேசவில்லை. வழி தவறி வலப்பக்கம் போயிருந்தால் தோப்புக்கு நூறு, நூற்றைம்பது கெஜத்தில் இருப்பார்கள். அந்தப் பனியில் குண்டு விழுவதைப் பார்க்கவும் முடியாது, சத்தத்தை வைத்துத்தான் திருத்தவேண்டும். அப்பா "அவங்க எங்கே இருக்காங்கன்னு தெரியாம நான் சுடமாட்டேன்" என்றார். கமாண்டர் கத்தினார். அப்பா மறுபடி அதையே சொன்னார். கடைசியில் அந்தப் பிளாட்டூனிலிருந்து ஒரு ஆள் ஓடிவந்தான். அவர்கள் ஒரு குளத்தங்கரைக்குப் பின்னால், தோப்புக்கு மிக அருகில் படுத்திருந்தார்கள். அவர்களைப் பின்னால் இழுத்த பிறகு அப்பா சுட்டார். தோப்பு அடங்கியது.

காத்திருந்த அந்த நேரத்தில் கம்பெனியில் இரண்டு பேர் செத்தார்கள்.

"உடனே சுட்டிருந்தா?" என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார், "சுட்டிருந்தா அந்தப் பிளாட்டூன் போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம். அது தெரியாது." கமாண்டர் அன்று முழுக்கப் பேசவில்லையாம். மாலையில் தன் மக்கிலிருந்து பாதி டீயை அப்பாவின் மக்கில் ஊற்றிவிட்டுப் போனார். அப்போதும் பேசவில்லை. அதற்குப் பிறகுதான் அம்மாவின் கார்த்திகைக் கடிதம் வந்தது.

பதிவில் அந்த இடத்துக்குப் பிறகு வெறும் அமைதி இருக்கிறது. முதலில் அதை வெட்டிவிடலாம் என்று நினைத்தேன். வெட்டவில்லை. நீங்களும் வெட்டாதீர்கள். பதில் வராத நேரத்தில் அடுத்த கேள்வியைப் போட்டு நிரப்பவும் வேண்டாம், "விடுங்கப்பா, அதெல்லாம் முடிஞ்சுபோச்சு" என்று ஆறுதல் சொல்லவும் வேண்டாம். நான் முன்பு மூன்று தடவையும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன் என்பது பழைய பதிவுகளைக் கேட்டபோதுதான் தெரிந்தது. தண்ணீர் கேட்டதற்கு முன்னால் என் குரல்தான் இருந்தது.

ஒரே ஆளின் நினைவு போதாது என்று அப்பாவின் பழைய வயர்லெஸ் ஆபரேட்டரையும் தேடினேன். இதில் ஒரு யோசனை. அதிகாரிகளின் சந்திப்புகளில் விசாரிப்பதைவிட, முன்னாள் படைவீரர் சங்கங்களில் ஹவில்தார், சுபேதார்களிடம் கேளுங்கள். அவர்களுக்கு எல்லாருடைய ஊரும் தெரியும். மூன்றே ஃபோனில் ஆள் கிடைத்தார். கிருஷ்ணகிரிப் பக்கம், மாந்தோப்பு வைத்திருக்கிறார். அப்பாவை 'சாப்' என்றுதான் சொல்கிறார். "சாப் அன்னிக்கு ஒரே கேள்வியை என்னை விட்டு வயர்லெஸ்ல கேட்கவெச்சுக்கிட்டே இருந்தாரும்மா, நீங்க எங்கே, நீங்க எங்கேன்னு. என் வாயே வத்திப்போச்சு. அரை மணி நேரம் இருக்கும்" என்றார். அப்பா என்னிடம் "ஒரு பத்து நிமிஷம்" என்று சொல்லியிருந்தார். பனியில் வரப்பில் படுத்திருக்கிறவனுக்கு எது பத்து, எது முப்பது? இரண்டையும் எழுதிவைத்தேன். யார் சொன்னது சரி என்று இருவரிடமும் வாதாடவில்லை. வாதாடினால் அடுத்த தடவை யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள்.

போருக்குப் பிந்தைய 23 வருடங்கள் பற்றி அப்பாவுக்குப் பெரிய ஆர்வம் இல்லை, எனக்கும்தான். சிக்கிம், ராஜஸ்தான், தேவ்லாலியில் பயிற்றுநராக மூன்று வருடம். எங்களுக்கு நாலு பள்ளிக்கூடம் மாறியது. அதை அம்மா இருந்திருந்தால் நன்றாகச் சொல்லியிருப்பார். அவரிடம் நான் கேட்கவே இல்லை. பட்டாளத்துக் கதை என்றால் அப்பாக்களிடம் மட்டும் கேட்பது என்று நாமாக வைத்துக்கொண்ட பழக்கம் அது. உங்கள் அம்மா இருந்தால் நாளைக்கே உட்காருங்கள்.

எல்லாவற்றையும் தட்டச்சு செய்து, பதினெட்டுப் புள்ளி எழுத்தில் அச்சிட்டு, ஸ்பைரல் பைண்டிங் போட்டு அப்பாவிடம் கொடுத்தேன். 94 பக்கம். வெளியாட்களிடம் காட்டலாமா என்று கேட்டேன். இன்றைக்கும் சொல்லக்கூடாதது ஏதாவது இருந்தால் அடித்துவிடுங்கள் என்றேன். சிவப்புப் பென்சில் ஒன்றைச் சீவி வைத்துக்கொண்டு பத்து நாள் படித்தார். சாப்பிடக் கூப்பிட்டாலும் விரலை வைத்துக்கொண்டுதான் எழுந்திருப்பார்.

திரும்பி வந்தபோது பெரிதாக ஒன்றும் அடிக்கவில்லை. ஒரு சுபேதாரின் பெயரில் எழுத்துப் பிழை. "வரப்பு" என்று எழுதிய ஒரு இடத்தில் "வாய்க்கால் கரை". மருந்துப் பை பற்றிய பக்கத்தில் நான் வெள்ளைக்கும் நீலத்துக்கும் இடம் மாற்றி எழுதியிருந்தேன், அதற்கு இரண்டு கோடு. 61ஆம் பக்கம், அந்தப் பனிக் காலை. ஆபரேட்டர் சொன்ன அரை மணி நேரத்தை அப்படியே விட்டிருந்தார். தன் பெயருக்குப் பக்கத்தில் "பத்து நிமிடம்" என்று நான் எழுதியிருந்ததில் பத்தை மட்டும் அடித்து, மேலே சின்னதாக, நடுங்காத கையெழுத்தில் எழுதியிருந்தார்: பதினொன்று.